இரண்டாவது கண்ணை எங்கே வைப்பது?

கிளிநொச்சி மாவட்டத்துப் பளையில் மரம் மறைக்காத ஒரு வெளியில் நின்று கடனீரேரிப் பக்கம் முகத்தைத் திருப்புங்கள். தென்னை வட்டுகளுக்கு மேலாகக் காற்றாடிகள் தெரியும். கையை நேராக நீட்டி, பெருவிரலை ஒரு காற்றாடித் தூணோடு பொருத்துங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு அதைத் திறந்து மற்றக் கண்ணை மூடுங்கள். கை அசையவில்லை, காற்றாடியும் நகரவில்லை. விரல் மட்டும் தூணை விட்டுத் தள்ளிப் போய் நிற்கும்.

எவ்வளவு தூரம் போனது என்றுகூடச் சொல்லலாம். வளர்ந்தவர்களின் இரு கண்மணிகளுக்கும் இடையில் ஏறத்தாழ 6.5 சென்ரிமீற்றர். நீட்டிய கை 65 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு ஒன்று. காற்றாடி 2 கிலோமீற்றர் தள்ளி நின்றால் விரல் 200 மீற்றர் தாவியிருக்கிறது. வரைபடம் கையில் இல்லாத காலத்தில் தூரம் மதிக்க இந்தக் கணக்கைப் பாவித்தவர்கள் உண்டு.

தியேட்டரில் கண்ணாடி தந்து, கூடுதல் காசு வாங்கி, 3டி என்று காட்டுவது இந்தத் தாவலைத்தான். திரை தட்டையானது. படமும் தட்டையானது. இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்குச் சற்றே தள்ளிய இன்னொரு படம். இரண்டையும் ஒன்றாக்கி நடுவில் ஓர் ஆழத்தைக் கட்டுவது பார்க்கிறவரின் மூளை. அந்த ஆழத்தைத் திரையில் தேடினால் அகப்படாது. எச்சில் ஊறுவதுபோல அது நமக்குள்ளே நடக்கிற காரியம்.

வன்னி மண்ணிலிருந்து இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கு 2014ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. 1990இல் நின்றுபோன ரயில் அந்த ஆண்டு மார்ச் 4ஆம் திகதி பளைக்குத் திரும்பி வந்தது. ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணம் வரை போனது. இடையிலிருந்த ஏழு மாதங்களும் பளைதான் கடைசி நிலையம். யாழ்ப்பாணத்தார் இங்கே இறங்கிப் பெட்டிகளோடு பஸ்ஸுக்கு ஓடினார்கள். பொல்லுப்பளையிலும் வல்லிமுனையிலும் காற்றாடிகள் எழுந்ததும் அந்த ஆண்டுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். மே 23இல் ரஜினிகாந்தின் ‘கோச்சடையான்’ வெளியானது. நடிகரின் அசைவை மட்டும் வாங்கிக்கொண்டு, உருவம், உடை, கோட்டை, குதிரை எல்லாவற்றையும் கணினியில் செய்த தமிழ்ப் படம். ஜூன் மாதக் கடைசியில் கூகுள் நிறுவனம் மட்டையில் மடித்துச் செய்யக்கூடிய ஒரு 3டி பெட்டியை உலகத்துக்குக் காட்டியது. கார்ட்போர்ட் என்று பெயர்.

பளையில் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போய்த்தான் நான் கோச்சடையான் பார்த்தேன். எந்தத் தியேட்டர் என்று சொல்லப் போவதில்லை. கண்ணாடி போட்டதும் பின்னேரம் ஆறரை மணிபோல எல்லாம் மங்கிப்போனது. கழற்றினால் வெளிச்சம் வந்தது, ஆனால் ரஜினி இரண்டு பேர். அதற்குப் பிறகுதான் இந்தக் கலை எங்கே சரியாகிறது, எங்கே சறுக்குகிறது என்று தேடத் தொடங்கினேன்.

தேடியபோது முதலில் தட்டுப்பட்டது ஓர் ஆச்சரியம். 3டி என்றால் புகைப்படத்துக்குப் பின்னால் வந்த வித்தை என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. இங்கிலாந்தின் சார்ள்ஸ் வீட்ஸ்ரன் 1838இல் றோயல் சொசைற்றியில் இதைப் பற்றிய கட்டுரையை வாசித்தார். புகைப்படக்கலை பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது 1839இல். அப்படியானால் அவர் தன் கண்ணாடிப் பெட்டிக்குள் எந்தப் படங்களை வைத்தார்? கோட்டுப் படங்கள். கனசதுரம், கூம்பு போன்ற கேத்திரகணித உருவங்கள், ஒவ்வொரு கண்ணுக்கும் வேறாக. இடக்கண் நிற்கும் இடத்திலிருந்து இந்த மூலை எங்கே தெரியும், வலக்கண்ணிலிருந்து எங்கே தெரியும் என்று பார்த்துப் போட்ட கோடுகள். கணினி இன்று செய்வதும் அதையேதான். கமெரா நடுவில் வந்து நின்றது. கணக்கு அதற்கு முன்னமே இருந்தது.

கணினி இதற்குள் நுழைந்த கதை எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும். ஹங்கேரியில் ராடார் பொறியியலாளராக இருந்து, 1956இல் அமெரிக்காவுக்குப் போன பேலா யூலெஸ் என்பவர் பெல் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தார். அவரை யோசிக்க வைத்தது உருமறைப்பு. அந்தச் சொல்லை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இலைதழை போட்டு மூடிய வாகனத்தை ஒற்றை வான்படத்தில் கண்டுபிடிப்பது கடினம். அதே இடத்தைச் சற்றுத் தள்ளி எடுத்த இரண்டாவது படத்தையும் சேர்த்து இரு கண்ணாலும் பார்த்தால், மூடியது நிலத்தை விட்டு மேலே எழும்பித் தெரியும். அப்படியானால், பொருள் இன்னதென்று அறிவதற்கு முன்பே மூளை ஆழத்தை அறிகிறதா?

இதைச் சோதிக்க யூலெஸ் கணினியைக் கொண்டு கறுப்பும் வெள்ளையுமாக அரிசி இறைத்ததுபோலப் புள்ளிகளை இறைத்தார். ஒரே படத்தின் இரண்டு பிரதிகள். ஒன்றில் மட்டும் நடுவிலுள்ள ஒரு சதுரப் பரப்பின் புள்ளிகளைச் சில புள்ளி அளவு பக்கவாட்டில் நகர்த்தி, உண்டான இடைவெளியை வேறு புள்ளிகளால் நிரப்பினார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் ஒன்றுமே இல்லை, வெறும் இரைச்சல். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றாகக் காட்டினால் நடுவில் ஒரு சதுரம் மிதந்தது. 1960இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். கணினி செய்த படத்தில், எந்தக் கமெராவும் காணாத ஓர் ஆழம். 90களில் கடைகளில் தொங்கிய ‘மேஜிக் ஐ’ படங்களை முறைத்து முறைத்துக் கண் வலித்தவர்களுக்கு இந்தப் புள்ளிகளின் வம்சாவளி இப்போது தெரிந்திருக்கும்.

1965இல் அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் ஆய்வுகூடத்தில் கரோல் ஜோன்சன் ‘ஓர்டெப்’ என்ற கணினி நிரலை எழுதினார். பளிங்குகளில் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதை இடக்கண், வலக்கண் என்று இரட்டைப் படமாகப் பேனையால் வரையும் நிரல் அது. 1968இல் ஐவன் சதர்லாண்ட் தலையில் மாட்டும் திரையைச் செய்தார். பாரம் தாங்காமல் அதைக் கூரையில் தொங்கவிட வேண்டியிருந்தது. காட்டியதும் வெறும் கோட்டு உருவங்கள்தான். ஆனால் தலை திரும்பினால் காட்சியும் திரும்பியது. இன்று கடையில் விற்கிற விஆர் கண்ணாடிகளுக்கெல்லாம் அது பாட்டன்.

இனி அடிப்படைக்கு வருவோம். உண்மையான கமெராவில் 3டி எடுப்பது பெரிய சள்ளை. இரண்டு கமெரா வேண்டும், இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒத்திருக்க வேண்டும், வில்லை ஒத்திருக்க வேண்டும், ஒரே கணத்தில் சுட வேண்டும். கணினியில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. உருவத்தை ஒருமுறை செய்துவிட்டால் அதை எங்கிருந்தும் பார்க்கலாம். இரண்டாவது கண் இனாம்; இரண்டு மடங்கு நேரம் கணினி உழைக்க வேண்டும், அவ்வளவுதான். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் 2015இல் வந்த 2.75 பதிப்பிலிருந்தே இந்த வசதி உள்ளே இருக்கிறது.

இனாமாகக் கிடைத்த கண்ணைக் கண்ட இடத்தில் வைப்பதால்தான் முக்கால்வாசி 3டி படங்கள் தலையிடி தருகின்றன.

முதல் பிழை, ஒன்றரைக் கண் பிழை. கிட்டவுள்ள பொருளைப் பார்க்கும்போது நம் இரு கண்களும் மூக்குப் பக்கம் திரும்புகின்றனவே, அப்படியே இரண்டு கமெராக்களையும் உள்ளே திருப்பி வைத்தால் என்ன? நானும் அப்படித்தான் முதலில் செய்தேன். நடுப்பகுதி அழகாக வந்தது. மூலைகள் கண்ணைப் பிடுங்கின. காரணம் எளிது. கமெராவைத் திருப்பினால் சதுரம் சரிவகமாகிவிடும்; இடப்படத்தில் ஒரு பக்கம் உயரம், வலப்படத்தில் மற்றப் பக்கம் உயரம். மூலையில் இருக்கும் ஒரே புள்ளி ஒரு படத்தில் மேலேயும் மற்றதில் கீழேயும் விழும். பக்கவாட்டு வேறுபாட்டை மூளை ஆழமாக மாற்றிவிடும். ஆனால் ஒரு கண் மேலே பார்க்க, மற்றது கீழே பார்க்க நாங்கள் பிறந்ததிலிருந்து பழகவில்லை.

சரியான வழியை உங்கள் வீட்டு யன்னல் சொல்லும். யன்னலுக்கு நேரே இருந்து வெளியே நிற்கும் தென்னையைப் பாருங்கள். கண்களை மாற்றி மாற்றி மூடுங்கள். யன்னல் சட்டம் ஒன்றுதான். அது திரும்பவும் இல்லை, வளையவும் இல்லை. சட்டத்துக்குள் தென்னை நிற்கும் இடம் மட்டும் மாறுகிறது. 3டி திரை என்பது அந்த யன்னல். இரண்டு கமெராக்களும் நேராகவே பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே சட்டத்தின் நான்கு மூலைகள் வழியாகப் பார்ப்பதுபோலப் படத்தின் ஓரங்களைப் பக்கவாட்டில் வெட்ட வேண்டும். கணினியில் இது ஓர் எண்ணை மாற்றும் வேலை.

இரண்டாவது, தூரக் கணக்கு. பிளெண்டரைத் திறந்து இந்த வசதியை இயக்கினால், கண்ணிடைத் தூரம் 0.065 மீற்றர், யன்னல் இருக்கும் தூரம் 1.95 மீற்றர் என்று தானாகவே நிற்கும். வகுத்துப் பாருங்கள்: முப்பதில் ஒரு பங்கு. 3டி படம் எடுக்கிறவர்கள் கமெரா இடைவெளிக்கு நெடுங்காலமாகச் சொல்லிவரும் கைக்கணக்கு அது.

அந்த 1.95 மீற்றர் தூரத்தில் உள்ள பொருள் இரு படத்திலும் ஒரே இடத்தில் விழும். திரைமேலேயே ஒட்டி நிற்பதுபோலத் தெரியும். அதைப்போல இரு மடங்கு தூரத்தில் உள்ளது திரையில் 3.25 சென்ரிமீற்றர் விலகும். எல்லையில்லாத் தூரத்து நட்சத்திரம்கூட 6.5க்கு மேல் விலகாது. உள்ளே எவ்வளவு ஆழமாகப் போனாலும் ஒரு கட்டுக்குள் நிற்கிறது. வெளியே வருவதைப் பாருங்கள்: யன்னலுக்கும் கண்ணுக்கும் பாதி வழியிலேயே விலகல் எதிர்ப் பக்கமாக 6.5 ஆகிவிடும். இன்னும் கிட்ட வந்தால் கட்டுக்கடங்காமல் ஏறும். பாம்பு, ஈட்டி, பந்து என்று எதையாவது பார்ப்பவர் மூக்குக்கு முன்னால் நீட்டும் படங்கள் ஏன் களைப்பூட்டுகின்றன என்பதற்கு இதுதான் கணக்கு. கண்கள் மூக்கு நுனிக்கு வளைய வேண்டும். ஆனால் கண்வில்லை தூரத்துத் திரையில்தான் குவிந்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கச் சேர்ந்தே வேலை செய்த இரண்டையும் பிரித்து வைத்தால் தலை இடிக்காமல் என்ன செய்யும்?

சின்னத் திரைக்குச் செய்ததைப் பெரிய திரையில் போடுவதும் இப்படித்தான். அரை மீற்றர் அகலக் கணினித் திரையில் அகலத்தின் நூற்றுக்கு இரண்டு விலகல் என்றால் 1 சென்ரிமீற்றர். அதையே 10 மீற்றர்த் திரையில் விரித்தால் 20 சென்ரிமீற்றர். தூரத்து மலையைப் பார்க்க இரு கண்களும் காதுப் பக்கமாக வெளியே திரும்ப வேண்டும். மனிதருக்கு அது வராது.

கண்ணிடைத் தூரத்தை மாற்றினால் உலகத்தின் அளவே மாறும் என்பதைக் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் பொடியன் ஒருவனின் ட்ரோனில் கண்டேன். ஒரு தென்னந்தோட்டத்துக்கு மேலே, 60 மீற்றர் உயரத்தில் ஒரு படம். 2 மீற்றர் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொன்று. வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். தோட்டம் மேசையில் வைத்த பொம்மைத் தோட்டமாகிவிட்டது. எங்கள் கண்ணிடைத் தூரத்தைப்போல முப்பது மடங்கு இடைவெளி. ஆகவே 15 மீற்றர்த் தென்னை அரை மீற்றர்ச் செடி. இராட்சதன் ஒருவன் குனிந்து பார்த்தால் பளை இப்படித்தான் இருக்கும். பையன் தன் வீட்டுக் கிணற்றைத் தேடிக் கண்டுபிடித்து, “அண்ணை, கிணத்துக்குள்ள விழுந்திடுவன் போல கிடக்கு” என்றான்.

தமிழ்நாட்டுச் சினிமாவை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஆனால் இந்தியாவின் முதல் 3டி படம் கேரளத்திலிருந்து வந்தது: ஜிஜோ இயக்கி, நவோதயா அப்பச்சன் தயாரித்த ‘மை டியர் குட்டிச்சாத்தான்’, 1984 ஓகஸ்ட். பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடந்து போகும் பாட்டுக் காட்சிக்காக ஓர் அறையையே சுழலும்படி கட்டினார்கள். கணினி இல்லை, எல்லாம் இரும்பும் பலகையும். படம் ஓடிக்கொண்டிருந்தபோது கண்ணாடியால் ‘மெட்ராஸ் ஐ’ தொற்றுகிறது என்று வதந்தி கிளம்ப, ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கண்ணாடியைச் சுத்தம் செய்கிறோம் என்று பிரேம் நசீர், ரஜினிகாந்த் போன்றவர்களைத் திரையில் தோன்றிச் சொல்ல வைத்தார்களாம். அடுத்த ஆண்டே தமிழில் விஜயகாந்தின் ‘அன்னை பூமி’ வந்தது. பிறகு நீண்ட மௌனம். 2012இல் ‘அம்புலி’.

கோச்சடையானுக்கு வருகிறேன். சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கினார். 2009இல் காலமான நாகேஷைக் கணினியில் மீண்டும் உருவாக்கி நடமாட விட்டார்கள். கமெராவால் போக முடியாத இடம் என்று எதுவும் இல்லாத படம்; இரண்டாவது கண்ணை ஷொட்டுக்கு ஷொட்டு விரும்பிய இடத்தில் வைக்கலாம். என் தீர்ப்பு இது: ஆழம் நன்றாகத்தான் இருந்தது. முகங்களில் உயிர் இல்லை. கண்ணிடைத் தூரத்தைச் சரியாக வைத்தவர்களுக்குக் கண்ணுக்குள் ஈரத்தை வைக்கக் காசோ நேரமோ போதவில்லை. 3டி ஒரு படத்தின் குறையை மறைக்காது. முன்னுக்குத் தள்ளிக் காட்டும். மரத்த முகம் தட்டைத் திரையில் ஓவியம்போலத் தப்பிவிடும், ஆழத்தோடு வந்தால் பொம்மையாகிவிடும். 2018 நவம்பர் 29இல் வந்த சங்கரின் ‘2.0’ வேறு வழியில் போனது. பிறகு 3டிக்கு மாற்றாமல் முதலிலிருந்தே இரட்டைக் கமெராவில் எடுத்து, கணினியில் செய்த கைத்தொலைபேசிப் பறவையை அதே இரண்டு கண்களுக்கும் பொருத்தினார்கள். மனிதரும் கணினி உருவமும் ஒரே யன்னலுக்குள் நின்றன. எனக்கு அது பிடித்தது. கதையைப் பற்றி நான் பேசவில்லை.

தியேட்டர் ஏன் இருள்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தியேட்டர்க் கண்ணாடி பெரும்பாலும் ஒளியை முனைவாக்கும் கண்ணாடி. இடப்படத்தை ஒரு வகையாகவும் வலப்படத்தை வேறு வகையாகவும் முனைவாக்கி எறிவார்கள். ஒவ்வொரு கண்ணாடியும் தனக்குரியதை மட்டும் விடும். வடிகட்டுவதிலேயே பாதிக்கு மேல் வெளிச்சம் போய்விடும். சாதாரண வெள்ளைத் திரை அந்த முனைவைக் குழப்பிவிடும் என்பதால் வெள்ளி பூசிய திரை வேண்டும். விளக்கின் வலுவையும் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் பின்னேரம் ஆறரை மணிதான்.

வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பெரும்பாலும் வந்தவை இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி மூடித் திறக்கும் மின்சாரக் கண்ணாடிகள். 2009இல் ‘அவதார்’ கிளப்பிய அலையில் வந்தன, 2017 அளவில் பெரிய நிறுவனங்கள் கைவிட்டன. சோறு சாப்பிட்டுக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ரிவி பார்க்கிற குடும்பம் எங்கேயும் இல்லை என்பதை விற்றவர்கள் பிந்தித்தான் கண்டார்கள்.

எஞ்சியிருப்பது ஏழையின் வழி: சிவப்பும் நீலப்பச்சையும். காசு இல்லாமல் செய்யக்கூடியது என்பதால் இதில்தான் நான் அதிக நாள் கிடந்தேன். இடப்படத்தின் சிவப்பையும் வலப்படத்தின் பச்சை, நீலத்தையும் எடுத்து ஒரே படமாக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் நிறக் கண்ணாடித்தாள் ஒற்றையாகப் போதாது, மடித்து இரட்டையாக வைத்தால்தான் மற்றப் படம் பேய்போல நிழலாடாது. ஒரு தென்னையைக் கணினியில் செய்து பார்த்தோம். நரைத்த தண்டு அற்புதமாக நின்றது. செவ்விளநீர்க் குலை கெடுத்தது. சிவப்புத்தாள் வழியே பார்க்கிற கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிகிறது, மற்றக் கண்ணுக்குக் கறுத்துப்போகிறது. இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல் மூளை மாறி மாறித் துடிக்க, இளநீர் மின்மினிபோல மினுங்கியது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிய பிறகுதான் குலை மரத்தில் தொங்கியது.

அந்தத் தென்னையை நாலு பேருக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது அயலில் இருக்கிற அண்ணை ஒருவர் வந்தார். ஷெல் பீஸுக்கு ஒரு கண்ணைப் பறிகொடுத்தவர். யோசிக்காமல் கண்ணாடியை அவரிடமும் நீட்டிவிட்டேன். வாங்கிப் போட்டுப் பார்த்தார்.

“என்ன தம்பி இது, சும்மா மங்கிப்போய்க் கிடக்குது?”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது. இந்த மாவட்டத்தில் அப்படி எத்தனை பேர்! அவர்களுக்கு 3டி என்பது இருட்டுக் கண்ணாடி, வேறொன்றும் இல்லை. இரண்டு கண்ணும் நன்றாக இருந்தும், பிறவியிலேயே ஒன்றரைக் கண் பார்வையால் இரு படத்தையும் இணைக்க முடியாதவர்களும் உண்டு. வெட்கத்தால் சொல்லாமல் தியேட்டரில் எல்லோரோடும் சேர்ந்து ‘ஆ’ என்பார்கள்.

அவர்தான் வழியும் காட்டினார். “நான் மோட்டச் சைக்கிள் ஓடுறன்தானே. ரெயினில போகேக்கை கிட்ட நிக்கிற பனை ஓடும், தூரத்துப் பனை நிக்கும். அப்பிடிச் செய்தால் எனக்கும் தெரியும்.” முழுச் சரி. இரண்டு கண் ஒரே நேரத்தில் காண்பதை, ஒரு கண் நகர்ந்து நகர்ந்து காண்கிறது. சிவப்பு நீலத்தை எடுத்துவிட்டு, இடப்படத்தையும் வலப்படத்தையும் ஒரே திரையில் நொடிக்கு ஏழெட்டுத் தரம் மாற்றி மாற்றிக் காட்டினோம். படம் குலுங்கியது. தென்னை முன்னால் வந்தது, வேலி பின்னால் போனது. “இப்ப விளங்குது” என்றார். குலுங்குகிறது, அழகில்லை. ஆனால் ஒரு கண்ணுக்கும் ஆழம் கொடுக்கிற வழி கணினியில் இருக்கிறது. கைத்தொலைபேசியைச் சரிக்கச் சரிக்கக் காட்சியும் சரியும்படி செய்தால் அந்தக் குலுக்கலும் இல்லாமல் போகும்.

இவ்வளவும் எதற்கு? சினிமாவுக்கு என்றால் என் பதில், இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி. நல்ல கதை தட்டைத் திரையிலும் ஆழம்தான். ஆனால் சினிமாவுக்கு வெளியே அப்படிச் சொல்ல முடியாது. சத்திரசிகிச்சை றோபோவை இயக்கும் மருத்துவர் இரு கண்ணாலும் உள்ளே பார்த்துத்தான் தையல் போடுகிறார். நிலப்படம் வரைகிறவர்கள், ஒன்றோடொன்று நூற்றுக்கு அறுபது மேற்படிய எடுத்த வான்படங்களை இரட்டையாகப் பார்த்து உயரம் குறிக்கிறார்கள். ஆழம் அங்கே அலங்காரம் இல்லை, தகவல்.

எங்களுக்குக் கிட்டவுள்ள இடம் உயர்தர வகுப்பு இரசாயனவியல். மெதேன் மூலக்கூற்றைப் பலகையில் வரையும்போது, தடித்த ஆப்புக் கோடு முன்னே வருகிறது, துண்டுக் கோடு பின்னே போகிறது என்று சேர் சொல்லுவார். 109.5 பாகையை மாணவர் மனப்பாடம் செய்வார். நான்கு ஐதரசனும் நான்கு பக்கம் விரிந்து நிற்பதைப் பலர் காண்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் மூன்று இழைச் சுருளை 1954இல் சொன்ன ஜி.என். இராமச்சந்திரன், கையால் மாதிரி கட்டிப் பார்த்துத்தான் அந்த அமைப்பைப் பிடித்தார். கையால் கட்ட வசதியில்லாத பாடசாலையில் இரட்டைப் படம் கட்டித் தரும். 60களிலிருந்தே இரசாயன ஆய்விதழ்கள் இரட்டைப் படங்களை அச்சிட்டு வந்திருக்கின்றன. கண்ணாடியே இல்லாமல், கண்ணைத் தளர்த்திப் பார்த்துப் பழகினால் போதும். அணுவைப் பார்க்க மட்டும் கண்ணிடைத் தூரத்தை மூலக்கூற்றின் அளவுக்குச் சுருக்க வேண்டும்: பார்க்கும் தூரத்தின் முப்பதில் ஒன்று, அதே கைக்கணக்கு.

பாடநூல் எழுதுகிறவர்களுக்கும், மாதிரி வினாத்தாள் அடிக்கிற ஆசிரியர்களுக்கும், அறிவியல் நகரில் கணினியோடு இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பத்து மூலக்கூறுகள் போதும். இடமும் வலமுமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவுக்கு நடு 6 சென்ரிமீற்றருக்கு மிகாமல் அச்சிட்டுத் தாருங்கள். நிற அச்சு கிடைத்தால் அதே பத்தையும் சிவப்பு நீலத்திலும் தாருங்கள். அட்டைக் கண்ணாடியைப் பிள்ளைகளே செய்துகொள்வார்கள்.

செய்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: சிவப்புத்தாள் இடக்கண்ணுக்கு. மாற்றி ஒட்டினால் முன்னால் நிற்க வேண்டிய அணு பின்னால் போய்க் குழிக்குள் விழுந்துவிடும்.